மின்சார காரை டிராக்டரில் கட்டி இழுக்கலாமா?

கேள்வி: "என் மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். இந்த வருடம் மின்சார கார் வாங்கி, முதன்முறையாக ஊருக்கு ஓட்டி வந்தான். தோட்டத்தைப் பார்க்க வண்டிப்பாதையில் போனபோது கருவேல முள் குத்தி, பின் டயரில் காற்று இறங்கிவிட்டது. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னியே இல்லை. 'கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான், டிராக்டரில் கயிறு கட்டி மெயின் ரோட்டுக்கு இழுத்து விடுகிறேன்' என்றார் என் கொழுந்தனார். மகன் 'இழுக்கவே கூடாது' என்று காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். வார்த்தை தடித்துவிட்டது. இரண்டு பேரும் இன்னும் சரியாகப் பேசவில்லை. யார் சொன்னது சரி? விவசாயக் கேள்வி இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்."

- ஒரு வாசகி, விளாத்திகுளம் வட்டம்

பதில்: ஒதுக்கமாட்டேன் அம்மா. கடந்த சில மாதங்களில் இதே மாதிரி மூன்று, நான்கு கடிதங்கள் வந்துவிட்டன. தூத்துக்குடி சிப்காட்டில் மின்சார கார் ஆலையே 2025 ஆகஸ்டில் திறந்தாகிவிட்டது. பிள்ளைகள் நகரத்தில் வாங்கும் கார், பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் நம் வண்டிப்பாதைக்குத்தான் வந்து சேருகிறது. நகரத்து சாலைக்கு எழுதிய அறிவுரை நம் பாதைக்கு முழுதாகப் பொருந்தாது. அதனால் மெக்கானிக்குகளிடம் கேட்டும், கார்களோடு தரும் கையேடுகளைப் படித்துப் பார்த்தும் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டு வழக்கு. டயர் விஷயத்தில் உங்கள் மகன் சொன்னதுதான் சரி. ஆனால் கொழுந்தனார் சொன்னதும் தெரியாத்தனம் அல்ல. டீசல் ஜீப், அம்பாசிடர், வேன் எல்லாவற்றையும் நாம் அப்படித்தான் கரை சேர்த்திருக்கிறோம். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும், வண்டி வெறும் பாரவண்டி போல உருண்டு வரும். மின்சார காரில் அந்தத் தொடர்பு அறுவதில்லை. அதில் கிளட்ச் கிடையாது. மோட்டாரும் சக்கரமும் பல்சக்கரங்களால் நிரந்தரமாகப் பிணைந்தே இருக்கும். நியூட்ரலில் போட்டால் மோட்டாருக்கு மின்சாரம் போவதுதான் நிற்கும். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் கூடவே சுற்றும்.

மோட்டார் சுற்றினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் பக்கத்திலேயே விளக்கம் நிற்கிறது. கயத்தாறு பக்கம் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். காற்று இறக்கையைச் சுற்றுகிறது, மின்சாரம் பிறக்கிறது. கார் மோட்டாரும் அப்படித்தான். மின்சாரம் கொடுத்தால் சுற்றும், வெளியிலிருந்து சுற்றிவிட்டால் மின்சாரம் உண்டாக்கும். கார் ஓடும்போது பிரேக் பிடித்தால் பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் ஏறுவது இந்தக் குணத்தால்தான். அப்போது அந்த மின்சாரத்தைக் கட்டுப்படுத்த காரின் கருவிகள் எல்லாம் விழித்திருக்கும். காரை அணைத்துவிட்டுக் கயிறு கட்டி 3 கி.மீ. இழுத்தால், உண்டாகும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. மோட்டாரும் அதை இயக்கும் மின்னணுப் பெட்டியும் சூடேறிக் கெட்டுப்போகலாம். இப்படிக் கெட்டதை வாரண்டியில் சேர்த்துக்கொள்ள மறுப்பார்கள். கையேட்டில் இழுக்கக் கூடாது என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். அதனால் மின்சார கார் நின்றுவிட்டால், நான்கு சக்கரமும் தரையில் படாதபடி தட்டையான லாரி மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மீட்பு வண்டிக்காரர்கள் இதை 'பிளாட் பெட்' என்பார்கள். போனில் கேட்கும்போது அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள்.

இன்னொன்று, டயரில் காற்றில்லாமல் இழுத்தால் எந்தக் காராக இருந்தாலும் கேடுதான். காற்று இறங்கிய டியூப்லெஸ் டயர், சக்கர விளிம்புக்கும் தரைக்கும் நடுவே நசுங்கிக்கொண்டே வரும். சில நூறு மீட்டரிலேயே பக்கவாட்டுச் சுவர் உள்ளே நைந்துவிடும். 100, 200 ரூபாயில் முடிய வேண்டிய பஞ்சர், புது டயர் வாங்கும் செலவில் போய் நிற்கும்.

சேற்றில் சிக்கினால் மட்டும் விஷயம் கொஞ்சம் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் மண் எப்படிப் பிடிக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதைந்த காரை நாலைந்து மீட்டர் இழுத்துக் கெட்டித் தரைக்குக் கொண்டுவருவதைச் சில கம்பெனிகள் அனுமதிக்கின்றன. அப்போதும் காரை 'ஆன்' செய்து, நியூட்ரலில் போட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருக்க, டிராக்டர் ஆள் நடக்கும் வேகத்தில்தான் போக வேண்டும். கயிறு மாட்ட ஒரு கொக்கி டூல்ஸ் பையில் இருக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றி, அந்தக் கொக்கியைத் திருகிப் பொருத்த வேண்டும். அச்சிலோ, காருக்கு அடியில் கைக்கு அகப்பட்ட இரும்பிலோ கயிற்றைக் கட்டாதீர்கள். கட்டும் முன் கையேட்டைப் பாருங்கள். கூடாது என்றிருந்தால், மண்வெட்டியால் சக்கரத்தின் முன்னால் சரித்து வெட்டி, பழைய சாக்கையோ பருத்திமாரையோ போட்டு மெதுவாக ஏற்றுவதுதான் வழி.

ஸ்டெப்னி எங்கே போயிற்று?

உங்கள் மகனை யாரும் ஏமாற்றவில்லை. 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி, பஞ்சர் கிட் இந்த மூன்றும் இருந்தால் கார்களில் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்றார்கள். மின்சார காரில் பேட்டரி ஏற்கெனவே பெரிய இடத்தையும் எடையையும் எடுத்துக்கொள்வதால், பல கம்பெனிகள் இந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டன. ஸ்டெப்னி இல்லாத கார்களில் பெரும்பாலும் ஜாக்கியும் இருக்காது. சில மாடல்களில் ஸ்டெப்னி இன்னும் உண்டு. எனவே கார் வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கிப் பாருங்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கிராமத்தில் வைத்து ஓட்டப்போகும் காருக்கு ஸ்டெப்னி வேண்டும். நகரத்துச் சாலையில் கிடைப்பது ஆணி, திருகு. நம் பாதையில் இருப்பதோ முள் மட்டுமல்ல. அறுத்த மக்காச்சோளத் தட்டையின் அடிக்கட்டை, பருத்திமார் கட்டை, வெட்டிவிட்ட கருவேலந்தூர் இவை டிராக்டர் டயரையே கிழிக்கும். டயர் தரையில் படும் பகுதியில் சின்ன ஓட்டை என்றால் கிட் போதும். பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் கிட்டும் உதவாது, பஞ்சர் கடையும் உதவாது. அதே அளவில் ஒரு சக்கரமும் டயரும் தனியாக வாங்கி வீட்டுத் திண்ணையிலாவது வையுங்கள். தூரப் பயணம் போகும்போது மட்டும் டிக்கியில் ஏற்றிக்கொள்ளலாம். மற்ற நாளில் தெரிந்தவர் யாராவது பைக்கில் கொண்டுவந்து தருவார்கள்.

விளாத்திகுளம் பக்கம் முள் தொல்லை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கரிமூட்டத்துக்குச் சீமைக் கருவேல விறகை ஏற்றிப் போகும் பாதைகள் அவை. வண்டியிலிருந்து சிந்தும் கொப்பு காய்ந்து, முள் மட்டும் புழுதிக்குள் புதைந்து கிடக்கும். பச்சை முள்ளைவிடக் காய்ந்த முள்தான் டயருக்கு எமன். விறகு ஏற்றி முடிந்ததும் பாதையை ஒருமுறை கூட்டிவிட்டுப் போகும்படி குத்தகைக்காரரிடம் சொல்லுங்கள். கார் இல்லாதவர்களுக்கும் அது நல்லது, ஆடு மாடுகளின் குளம்புக்கும் நல்லது.

முள் குத்தினால் செய்ய வேண்டியது

குத்திய முள்ளைப் பிடுங்காதீர்கள். நம் கை உடனே அங்கேதான் போகும். டியூப்லெஸ் டயரில் முள்ளே பாதி அடைப்பாக இருக்கிறது. பிடுங்கினால் 'உஸ்' என்று மொத்தக் காற்றும் போய்விடும். விட்டுவைத்தால் மெதுவாகத்தான் இறங்கும்.

பஞ்சர் கிட்டில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர், இன்னொன்று ஓட்டையை அடைக்கும் பசை திரவம் உள்ள பாட்டில். எடுத்த எடுப்பில் பசையை ஏற்ற வேண்டாம் என்பது என் யோசனை. முதலில் காற்றை மட்டும் அடித்துப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். அதில் எத்தனை பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கிறதோ அவ்வளவு அடியுங்கள். கம்ப்ரசரை காருக்குள் உள்ள 12 வோல்ட் துவாரத்தில் செருகும்போது கார் 'ஆன்' நிலையில் இருக்கட்டும், இல்லையென்றால் சின்ன பேட்டரி இறங்கிவிடும். கால் மணி நேரம் பாருங்கள். காற்று நின்றால் மெதுவாகப் பஞ்சர் கடை வரை போய்விடலாம். கருவேல முள் விஷயத்தில் பெரும்பாலும் இதுவே போதும்.

காற்று நிற்காவிட்டால் பசை பாட்டிலை மாட்டுங்கள். பசை உள்ளே போன பிறகு கம்ப்ரசர் 10 நிமிடம் ஓடியும் அழுத்தம் ஏறவில்லையென்றால் ஓட்டை பெரிது என்று அர்த்தம். கம்ப்ரசரை நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் அதுவும் சூடேறி எரிந்துபோகும். அழுத்தம் ஏறினால் உடனே கிளம்பி நாலைந்து கி.மீ. ஓட்ட வேண்டும், டயர் சுற்றினால்தான் பசை பரவி ஓட்டையில் போய் உட்காரும். பிறகு நிறுத்தி மறுபடி அழுத்தம் பாருங்கள். வேகம் 80 கி.மீ.க்குள் இருக்கட்டும், நம் பாதையில் 40 போதும். இது கடை வரை போய்ச் சேருவதற்கான ஏற்பாடு, பஞ்சர் பார்த்தாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. பசை போட்டிருப்பதைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். டயரைக் கழற்றும்போது அது வழிந்து அவர் மேல் கொட்டும், காற்றழுத்தம் காட்டும் சென்சாரையும் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

பூச்சிமருந்து பாட்டிலைப் போலவே இந்தப் பசைக்கும் காலாவதி தேதி உண்டு. இன்றே எடுத்துப் பாருங்கள். வெயிலில் நிற்கும் காரில் அது சீக்கிரம் கெட்டிப்பட்டுவிடும்.

ஜாக்கியை எங்கே வைப்பது?

இந்தப் பகுதியைக் கிராமத்துப் பஞ்சர் கடைத் தம்பிகளும் படித்தால் நல்லது. மின்சார காரின் விலையில் பெரும் பங்கு பேட்டரிக்குத்தான். அந்த பேட்டரி இருப்பது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, காரின் வயிற்றுப் பகுதியில். நம் கடைகளில் உருட்டு ஜாக்கியைக் காருக்கு அடியில் தள்ளி, கைக்குத் தட்டுப்பட்ட இடத்தில் வைத்துத் தூக்குவது வழக்கம். பெட்ரோல் காரில் அங்கே சட்டம் இருக்கும், தாங்கும். மின்சார காரில் பேட்டரிப் பெட்டியின் அடித்தகட்டில் ஜாக்கி உட்கார்ந்தால் தகடு நசுங்கும். உள்ளே உள்ள செல்கள் அடிபட்டால் அன்றைக்கே தெரியாமலும் போகலாம். பிறகு சார்ஜ் ஏறாமல் நிற்கலாம், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

ஜாக்கி வைக்க நான்கே இடங்கள்தான். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் விளிம்பில், முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் ஒன்று, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஒன்று, இரண்டு பக்கமும் இப்படியே. அந்த இடத்தில் வெட்டோ அம்புக்குறியோ அடையாளமாக இருக்கும். கார் கடைக்குள் நுழையும்போதே 'தம்பி, இது கரன்ட் வண்டி, நடுவில் ஜாக்கி வைக்காதீங்க' என்று சொல்லி, இடத்தைக் கையால் தொட்டுக் காட்டிவிடுங்கள். அதே அளவு பெட்ரோல் காரைவிட இதில் ஏறத்தாழ 200 கிலோவோ அதற்கு மேலோ எடை கூடுதல். கரிசல் தரையில் ஜாக்கி அப்படியே புதையும். கெட்டித் தரைக்குக் கொண்டுபோங்கள், முடியாவிட்டால் அடியில் தடித்த பலகை கொடுங்கள். தூக்கிய காருக்கு அடியில் யாரும் தலையை நீட்ட வேண்டாம். காருக்கு அடியிலோ பானட்டுக்குள்ளோ ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள் தெரிந்தால் அதைத் தொடவே கூடாது. அதில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட்.

எடை கூடுதல் என்பதால் டயர் தேய்மானமும் கூடுதல். மாற்றும்போது அளவு ஒன்றாக இருந்தால் போதும் என்று விலை மலிந்ததை மாட்டிவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் அளவு எண்ணுக்கு அடுத்து இரண்டு இலக்க எண் ஒன்று இருக்கும். அந்த ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறி அது. 84 என்றால் 500 கிலோ, 88 என்றால் 560 கிலோ. பழைய டயரில் இருந்த எண்ணுக்குக் குறையாமல் வாங்குங்கள். காற்றழுத்தத்தைக் காலையில், கார் ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். மத்தியான வெயிலில் ஓடி வந்த டயர் 3, 4 பி.எஸ்.ஐ. கூட்டித்தான் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக நிற்கும், ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும்.

யாரைக் கூப்பிடுவது?

நின்ற இடம் எந்தச் சாலை என்பதை வைத்துத்தான் யார் வருவார்கள் என்பது. மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. மஞ்சள் கல் சாலையில், அதாவது உங்களுக்கு அருகில் மதுரையிலிருந்து எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போகும் 38-ம் எண் சாலையில், 1033 என்ற எண்ணை அழைக்கலாம். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் அது, 24 மணி நேரமும் உண்டு. ரோந்து வண்டியும் கிரேனும் சுங்கச்சாவடிப் பக்கமிருந்து வரும். மின்சார கார் என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். நின்ற வண்டியைப் பாதுகாப்பான இடத்துக்கு அகற்றுவதுதான் அவர்கள் வேலை, சர்வீஸ் சென்டர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அல்ல. அடிபட்டவர்கள் இருந்தால் முதலில் 108.

பச்சைக்கல், ஆரஞ்சுக்கல் சாலைகளிலும் நம் வண்டிப்பாதையிலும் கை கொடுக்க வேண்டியது கார் கம்பெனியின் சாலையோர உதவி, அல்லது இன்சூரன்ஸோடு சேர்த்து வாங்கும் சாலையோர உதவி. புது காருக்குக் கம்பெனியே முதல் சில வருடங்களுக்குத் தருவது உண்டு. இன்சூரன்ஸில் இதற்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் பெயர் மட்டும் இருந்தால் போதாது. பாலிசி போடும் அன்றே இவற்றைக் கேளுங்கள்: பிளாட் பெட் லாரி வருமா, எத்தனை கி.மீ. வரை இலவசம், வருடத்துக்கு எத்தனை தடவை, சார்ஜ் தீர்ந்து நின்றாலும் ஏற்றிப் போவார்களா, தார்ச்சாலை இல்லாத இடத்துக்கு வருவார்களா? கடைசிக் கேள்விதான் நமக்கு முக்கியம். 'வண்டி போகக்கூடிய சாலை' என்று ஒரு வரி எழுதி வைத்திருப்பார்கள். பெரிய லாரி உங்கள் கண்மாய்க்கரைப் பாதையில் திரும்ப முடியாது என்றால், தார்ச்சாலை வரை காரைக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பாகிவிடும்.

எப்போது அழைத்தாலும் இடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சிக்னல் இல்லாத இடமென்றால், மைல்கல்லில் உள்ள ஊர்ப் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, சிக்னல் உள்ள இடத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். 'வேப்பமரத்துக்கு அடுத்த வளைவு' என்றால் மதுரையில் உட்கார்ந்து போன் எடுக்கும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

உதவி வரும் வரை எங்கே நிற்கிறோம் என்பது டயரைவிடப் பெரிய விஷயம். நெடுஞ்சாலையில் பஞ்சர் பார்க்கக் குனிந்தவர்கள் பின்னால் வந்த லாரியில் அடிபட்டுச் செத்த செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். நான்கு விளக்கும் மின்னும்படி போடுங்கள். காரோடு கொடுத்த சிவப்பு முக்கோணத்தை 50 மீட்டராவது பின்னால் தள்ளி வையுங்கள். எல்லோரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்கி, சாலையோர இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். வலது பக்க டயர் என்றால், இரவு நேரமென்றால், நீங்களே கிட்டை எடுத்து உட்கார வேண்டாம். டயர் கெட்டாலும் பரவாயில்லை, 100 மீட்டர் மெதுவாக உருட்டி அகலமான இடத்துக்குப் போய் நிறுத்துங்கள்.

வெள்ளத்தில் நின்ற காருக்கும் பிளாட் பெட்தான். 2023 டிசம்பர் மழையை உங்கள் மாவட்டம் மறந்திருக்காது. தரை மட்டத்துக்கு மேல் தண்ணீர் ஏறிய மின்சார காரை, காய்ந்துவிட்டது என்று நீங்களாக 'ஆன்' செய்யவோ சார்ஜில் போடவோ கூடாது.

கேள்வி: "தோட்டத்தில் கார் சார்ஜ் தீர்ந்து நின்றால், பக்கத்தில் உள்ள மோட்டார் ரூமிலிருந்து ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா? கரன்ட் இலவசம்தானே?"

- ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: கூடாது. இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். நமக்கு இலவச மின்சாரம் தருவது பாசனத்துக்கு. அந்த இணைப்பில் காரைச் சார்ஜ் செய்தால், மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன்படி அது அனுமதியில்லாத பயன்பாடு. ஆய்வில் பிடிபட்டால், எந்த வகைப் பயன்பாடோ அதற்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். ஒரு மணி நேரம்தான் போட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். எவ்வளவு காலம் என்று உறுதிப்படுத்த முடியாவிட்டால், ஆய்வு நடந்த நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்குக் கணக்கிடச் சட்டத்தில் இடமிருக்கிறது. 20 ரூபாய் கரன்டுக்காக அந்த வம்பு எதற்கு?

தோட்டத்து வீட்டில் வீட்டு இணைப்பு இருந்தால் அதில் போடலாம். 15 அல்லது 16 ஆம்பியர் பிளக் வேண்டும், மிக்சிக்குப் போடும் சின்ன பிளக் ஆகாது. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 15 கி.மீ. ஓடும் அளவுக்கு ஏறும், பக்கத்து ஊர் சார்ஜிங் நிலையம் வரை போக அது போதும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து இழுக்காதீர்கள், மணிக்கணக்கில் ஓடும்போது வயர் உருகிவிடும். எர்த் சரியில்லாத வீடுகளில் பல கார்கள் சார்ஜ் ஏற்றவே மறுக்கும். காரில் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம், எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைப் பாருங்கள். கோடையில் எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியாலே பல இடங்களில் சரியாகிவிடுகிறது. இதெல்லாம் நடக்க சார்ஜிங் கேபிள் டிக்கியில் இருக்க வேண்டும். அதை வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: "டிராக்டர் பேட்டரி இறங்கிவிட்டால் மின்சார காரிலிருந்து ஜம்ப் கொடுக்கலாமா? அவ்வளவு பெரிய பேட்டரி இருக்கிறதே?"

- ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: பெரிய பேட்டரிக்கும் டிராக்டருக்கும் சம்பந்தமே இல்லை. மின்சார காரிலும் நம் டிராக்டரில் இருப்பது போல ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி தனியாக உண்டு. கதவுப் பூட்டு, விளக்கு, திரை எல்லாம் அதில்தான் ஓடும். டிராக்டரின் ஸ்டார்ட்டர் ஒரே இழுப்பில் கேட்கும் கரன்டைக் கொடுக்கும் வேலைக்கு அதைச் செய்யவில்லை. பெரும்பாலான கையேடுகள் இதைத் தடை செய்கின்றன. கொடுக்கப் போனால் கார் நின்றுவிடலாம்.

தலைகீழாகச் செய்யலாம். காரின் சின்ன பேட்டரி இறங்கினால், பெரிய பேட்டரியில் 80 சதவீதம் சார்ஜ் இருந்தாலும் கார் உயிர்க்காது, ரிமோட்டுக்கும் கதவு திறக்காது. ரிமோட்டுக்குள்ளே ஒரு சின்ன சாவி மறைந்திருக்கும், அதை உருவிக் கதவைத் திறங்கள். டிராக்டர் இன்ஜினை அணைத்துவிட்டு, அதன் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சிவப்பு வயரைக் காரின் சின்ன பேட்டரியின் பிளஸ் முனையிலும், கறுப்பைக் காரின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியிலும் கொடுத்தால் போதும். கார் ஒருமுறை விழித்துக்கொண்டால், பெரிய பேட்டரியே சின்ன பேட்டரியைச் சார்ஜ் செய்துகொள்ளும். அரை மணி நேரம் அணைக்காமல் 'ஆன்' நிலையிலேயே விட்டுவையுங்கள். மாதத்துக்கு இரண்டு முறை இப்படி ஆனால் அந்தச் சின்ன பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது.